வியாழக்கிழமை ரிப்போர்ட்

எங்கள் வீட்டுச் சமையலறையில் அலுமினியத் தாள் தங்குவதில்லை. சப்பாத்தி சுற்றுவதற்கென்று என் கணவர் வாங்கி வைப்பார். ஒரே வாரத்தில் அது என் கைப்பையில் ஏறி லேபுக்குப் போய்விடும். லேபில் எழுதிக் கேட்டால் தராமலில்லை. தருவதற்குள் என் பொறுமை போய்விடும். நான் ஆராய்கிற பொருள் வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகும். நோயாளி சிறுநீர்க் குப்பியைக் கொடுத்த கையோடு அதைத் தாளில் சுற்றி இருட்டில் வைத்தாக வேண்டும். மயூர் விஹாரில் எங்கள் பக்கத்து ஃபிளாட்காரி நான் தாள் சுருளோடு மெட்ரோவுக்கு ஓடுவதைப் பார்த்துவிட்டு, டெய்லி பிக்னிக்கா என்று கேட்பாள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். காலை எட்டரை மணிக்குச் சிறுநீரைப் பற்றி யாருக்கு விளக்கிக்கொண்டிருப்பது?

உங்களுக்கு விளக்கித்தான் ஆக வேண்டும். ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் பொருளை நம் உடம்பு எட்டுப் படிகளில் செய்கிறது. வழியில் உருவாகிறவற்றில் சிலவற்றுக்குப் போர்ஃபிரின் என்று பெயர். சிலருக்குப் பிறவியிலேயே ஏதாவது ஒரு படியில் வேலை செய்ய ஆள் பாதிதான். சாதாரண நாட்களில் அது தெரியாது. பட்டினி கிடந்தாலோ, மாதவிடாய் நெருங்கினாலோ, ஒத்துக்கொள்ளாத மருந்து உள்ளே போனாலோ அந்தப் படிக்கு முன்னால் சரக்கு தேங்கிவிடும். அப்போது வருகிற வயிற்று வலியைப் பிரசவ வலியோடு ஒப்பிட்ட பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் வயிற்றை அமுக்கினால் மெத்தென்று இருக்கும். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு 'டிராமா' என்பார்கள். இருபது வருடமாக நான் இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அந்த ஒரு சொல்லின் மேல் எனக்குள்ள ஆத்திரம்தான் காரணம்.

ஆத்திரம் தொழிலில் வந்தது. பயம் கூடவே பிறந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போய், கேஸை மூடினேனா என்று திரும்பி வந்து பார்க்கிற ஜாதி நான். லேபிலும் அப்படித்தான். சிறுநீர் எவ்வளவு நீர்த்துப்போயிருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு ஒன்று உண்டு, கிரியேட்டினின் என்பார்கள். நிறையத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீரில் எல்லாமே குறைவாகத்தான் தெரியும், நோய் உட்பட. அதனால் கிரியேட்டினினையும் சேர்த்துப் பார்க்காமல் ஒரு ரிப்போர்ட்டும் வெளியே போகக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். என் கையாலேயே இந்தியில் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். எங்கள் டெக்னீசியன் ஹரியானாக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர், அந்தக் காகிதத்தை என்னைவிட அதிகமாக மதிப்பவர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கிரியேட்டினின் பார்க்கும் ரசாயனம் தீர்ந்துபோயிருந்தது. புதன்கிழமை வந்துவிடும், ரிப்போர்ட்டெல்லாம் வியாழக்கிழமை என்று கதவில் எழுதிவிட்டோம். காலையில் பீகாரிலிருந்து வந்திருந்த ஒரு பெண், அன்று ராத்திரியே ஊருக்கு ரயில் இருக்கிறது, டிக்கெட் மாற்ற முடியாது என்று கையைக் கூப்பினாள். முடியாது, வியாழக்கிழமை வாருங்கள் என்றேன். சொல்லிவிட்டு என் கண்டிப்பை நானே மெச்சிக்கொண்டேன்.

பன்னிரண்டு மணி இருக்கும். வராந்தாவில் நின்று என் கணவரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். பெஞ்சிலிருந்து ஒரு அம்மா எழுந்து வந்து நான் பேசி முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க தமிழாக்கா?"

ஆமாம் என்றேன்.

"யம்மா, சாமி மாரி வந்தீங்க. காலைலேருந்து இவங்க இன்னா சொல்றாங்கன்னே முழுசாப் புரியல. இந்தி தெரியும், ஆனா டாக்டருங்க பேசற இந்தி வேற மாரி இருக்குது."

பெஞ்சில் அவருடைய மகள் வயிற்றில் துப்பட்டாவைச் சுருட்டி வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். மாதாமாதம் தூரமாவதற்கு நாலைந்து நாள் முன்னால் வயிற்று வலி, வாந்தி, காலெல்லாம் குடைச்சல். இரண்டு வருடமாக இப்படி. அறுவை சிகிச்சைப் பிரிவில் ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று எங்களுக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

குடும்பம் கள்ளக்குறிச்சிப் பக்கம். பாராபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாயின் ஓரத்தில் மதராசி கேம்பில் குடிசை. அம்மாவும் மகளும் ஜங்புராவில் ஆளுக்கு இரண்டு கோட்டியில் வேலை செய்தார்கள். டெல்லியில் கோட்டி என்றால் பெரிய வீடு. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கோட்டி என்றால் பைத்தியம். முதன்முதலில் டெல்லிக்கு வந்தபோது எதிர் வீட்டு வேலைக்காரப் பெண் தனக்கு மூன்று கோட்டி என்று சொன்னதைக் கேட்டு நான் முழித்ததை அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். குனிந்திருந்த மகளும் லேசாகச் சிரித்தாள். இந்த ஊரில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நம் பேச்சு காதில் விழுந்தால் என்ன ஆகும் என்பது இங்கே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு அன்று மனசு குளிர்ந்துவிட்டது.

"ரிப்போர்ட்டு வியாழக்கெழமன்னு எழுதியிருக்குதாமே. இன்னிக்கே குடுத்துருங்கக்கா. ஞாயித்துக்கெழம கேம்ப இடிக்கறாங்க. சாமான் கட்டணும், எங்க போறதுன்னே தெரியல. கோட்டியிலயும் இதுக்கு மேல சுட்டி லீவு எதுவும் தரமாட்டாங்க. நீங்க ஜல்தியாப் பாத்துக் குடுத்தா இது ஒண்ணாவது முடியும்."

டெக்னீசியன் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுவரில் இருந்த காகிதத்தைப் பார்த்தார். "மேடம், யே தோ ஆப் கா ஹீ லிக்கா ஹுவா ஹை," என்றார். நீங்கள் எழுதியதுதானே என்கிறார். அவர் சொன்னதில் கிண்டல் எதுவும் இல்லை. எனக்குத்தான் சுருக்கென்றது. இவர்களுக்கு வீடே போகப்போகிறது, ஒரு தடவை பரவாயில்லை என்று இந்தியில் சொன்னேன்.

குப்பி வந்தது. தண்ணீராக இருந்தது, நிறமே இல்லை. இதை நான் பார்த்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பார்த்தது மட்டுமில்லை, "பரவால்லியே, நல்லாத் தண்ணி குடிக்கிற பொண்ணு" என்று பாராட்டினேன்.

"நல்லாக் குடிச்சா!" என்றார் அந்த அம்மா. "ஸ்கேன் எடுக்கற எடத்துல மூத்திரம் முட்டணும், குடி குடின்னாங்க. ரெண்டு பெரிய பாட்டிலு. நான்தான் பக்கத்துல நின்னு ஊத்துனேன்."

காதில் விழுந்தது. நான் சிரித்தேன். அவ்வளவுதான் நடந்தது. இருபது வருடம் இதையே தொழிலாகச் செய்கிறவள், எதைச் சுவரில் எழுதி ஒட்டினேனோ அதையே ஒருவர் தமிழில் என் முகத்துக்கு நேராகச் சொல்லியும், ஊர்ப் பேச்சு கேட்கிற சுகத்தில் சிரித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் கரைசலைக் குப்பியிலிருந்து எடுத்த துளிகளில் விட்டால், நோய் இருந்தால் ரோஸ் மில்க் நிறம் வரும். வரவில்லை. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பயப்பட ஒன்றுமில்லை, நம்ம நோய் இது இல்லை என்று சொன்னேன். அந்த அம்மா தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மகள்தான் எழுந்திருக்காமல் கேட்டாள்.

"அப்ப எனக்கு எதனாலக்கா வலிக்குது?"

சர்ஜரியில் திரும்பக் காட்டுங்கள், அவர்கள் சொல்வார்கள் என்றேன். அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அன்றே மறந்தும்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேம்பை இடித்துவிட்டார்கள். செய்தியில் காட்டினார்கள். புல்டோசருக்குப் பக்கத்தில் ஒரு பெண் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த அம்மாவோ என்று குனிந்து பார்த்தேன், இல்லை. பாவம், ஒரு வேலையாவது நம்மால் முடித்துக் கொடுத்தோம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு ஒன்பதாம் நாள், மறுபடி ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின வாரங்களின் ரிப்போர்ட்டுகள் போன பிறகு பதிவேட்டுக்கென்று டெக்னீசியன் கொடுத்த தாள்களை, கையெழுத்துப் போடாமல் பையிலேயே வைத்திருந்தேன். அன்று காலை பத்து மணிக்கு அவற்றை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கடைசித் தாளில் அந்தப் பெண்ணின் எண் இருந்தது. ரிப்போர்ட் போய்விட்டால் என்ன, கணக்கு முழுதாக இருக்க வேண்டும் என்று அந்த மனிதர் ஃப்ரீசரில் இருந்த மிச்சத்தை எடுத்துக் கிரியேட்டினினும், கூடவே நோய்ப்பொருளின் சரியான அளவும் பார்த்து எழுதியிருந்தார். கிரியேட்டினின் அடிமட்டத்தில் இருந்தது. தண்ணீர்தான் அது. நோய்ப்பொருளின் அளவைக் கிரியேட்டினினால் வகுத்துப் பார்த்தேன். தப்பாக வகுத்திருப்பேன் என்று மறுபடி வகுத்தேன். மூன்றாம் முறை போனில் வகுத்தேன். அவளுக்கு அந்த நோய் இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

உடனே எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன், கிளாஸைக் கையில் எடுத்ததும் குடிக்கப் பிடிக்காமல் வைத்துவிட்டேன்.

படிவத்தில் முகவரி இருந்தது. மதராசி கேம்ப், குடிசை எண், ஜங்புரா. அந்த இடத்தில் இப்போது கல்லும் தகரமும்தான். கீழே ஒரு போன் எண். கூப்பிட்டேன். எடுத்தது அவள் வேலை செய்த கோட்டியின் எஜமானி. சொந்த எண் தருவதற்குப் பதிலாக எஜமானி எண்ணைத் தந்திருக்கிறார்கள். எஜமானியம்மாள் பொறுமையாகப் பேசினார். அவர்களுக்கு நரேலாவில் ஃபிளாட் கிடைத்துவிட்டது, அங்கிருந்து தினமும் வர முடியாதாம், நின்றுவிட்டார்கள் என்றார். பிறகு, "பேட்டி கா ஆபரேஷன் ஹை நா ஆஜ்," என்றார்.

மகளுக்கு ஆபரேஷனா, இன்றைக்கா? எங்கே?

வலி தாங்காமல் துடித்தாளாம். அங்கே ஏதோ நர்சிங் ஹோமில் அப்பெண்டிக்ஸ் என்று சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். மத்தியானம் ஆபரேஷன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம் என்று சொன்ன ஞாபகம். பெயர் தெரியாது. தாயாரின் எண்ணைக் கொடுத்தார். அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

ஆபரேஷன் என்றால் முந்தின ராத்திரியிலிருந்து வெறும் வயிறு. வீடு இடிந்த நாளிலிருந்து அவள் என்ன சாப்பிட்டாளோ. பட்டினி ஏற்கெனவே அவளைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. இதற்கு மேல் மயக்க ஊசி. சின்ன இடங்களில் இன்னும் போடுகிற பழைய ஊசி ஒன்று இருக்கிறது, இந்த நோய்க்காரர்களுக்கு அது விஷம். பல வருடங்களுக்கு முன்னால் அப்படி ஊசி போடப்பட்ட ஒருத்தியைப் பார்த்திருக்கிறேன். கை கால் ஓய்ந்து, மூச்சு விடுகிற தசையும் ஓய்ந்து, மிஷினில் கிடந்தாள். இமையை மட்டும் அசைத்தாள். மூன்று மாதம் அப்படி அசைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு அந்த நோய் என்று முன்கூட்டி யாரும் சொல்லியிருக்கவில்லை. இவளுக்கு இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

நான் கிளம்புவதற்குள் டெக்னீசியன் கரைசல்களைச் சின்னக் குப்பிகளில் அடைத்து, சோதனைக் குழாய்களும் அலுமினியத் தாளும் வைத்துப் பையைத் தயாராக்கியிருந்தார். கரைசலில் அமிலம் இருக்கிறது, மெட்ரோவில் விடமாட்டார்கள் என்று டாக்ஸியும் கூப்பிட்டிருந்தார். நான் எழுதிய காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டெல்லியின் தெற்கிலிருந்து வடகோடியில் இருக்கும் நரேலாவுக்குப் போவது வேறொரு ஊருக்குப் போகிற மாதிரிதான். டிரைவர் பையாவிடம் ஜல்தி ஜல்தி என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் அவர் வண்டியை மெதுவாக்கி, "நீங்களே ஓட்டுறீங்களா?" என்று இந்தியில் கேட்டார். வாயை மூடிக்கொண்டேன். தாயாரின் எண்ணை அடித்தேன். மணி போனது. மறுபடி அடித்தேன். மத்தியானம் என்றால் பன்னிரண்டரையா, இரண்டா? முகர்பா சௌக்கில் லாரிகள் நின்றிருந்தன. ஏசியில் எனக்கு வேர்த்தது. கேஸை மூடினேனா என்று மூன்று தடவை பார்க்கிறவள், ஒரு பெண்ணின் உயிரை ஒரு தடவை பார்க்கவில்லை. சாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது.

பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மூன்று நர்சிங் ஹோம்கள். முதலாவதில் மதராசிப் பெண் யாரும் இல்லை என்றார்கள். இரண்டாவதில் ரிசப்ஷனில் இருந்தவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நிற்க வேண்டியிருந்தது. மூன்றாவதில் மாடிப்படியின் கீழ், கையில் துணிப் பையோடு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்தார்.

"யக்கா! எப்பிடிக்கா தெரியும்? பாக்க வந்தீங்களா?"

நலம் விசாரிக்க வந்திருப்பதாக நினைத்துவிட்டார். பார்ப்பதற்கு அவ்வளவு கஷ்டமான சிரிப்பை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை.

"உள்ள கொண்டுபோயிட்டாங்களா?"

"இன்னும் இல்ல. டாக்டரு இப்பதான் வந்தாரு. போனு பையில அடியில கெடக்குது, சத்தமே கேக்கல, அடிச்சீங்களா?"

சர்ஜன் இளைஞர், மரியாதையான மனிதர். நான் யார் என்று சொல்லி, இந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் செய்யாதீர்கள், இவளுக்குப் போர்ஃபிரியா என்றேன். அவர் ஃபைலைப் புரட்டி ஒரு தாளை எடுத்து என் முன் வைத்தார்.

"மேடம், அதைப் பற்றி நானும் யோசித்தேன். அதனால்தான் இதைப் பார்த்து நிம்மதியானேன். இது உங்கள் கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். கொஞ்சம் கூடுதல் சுழியோடு, நல்ல மனநிலையில் போட்ட கையெழுத்து. நான் சொல்வதை நானே மறுத்துக்கொண்டு அந்த மேஜை மேல் கிடந்தேன். கிரியேட்டினின், தண்ணீர், ஸ்கேன் என்று வேகமாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, வாயால் சொன்னதை வைத்து நான் எதையும் நிறுத்த முடியாது, அப்பெண்டிக்ஸ் வெடித்தால் யார் பதில் சொல்வது என்றார். அவர் சொன்னது நியாயம். பேனாவை வாங்கி என் ரிப்போர்ட்டின் குறுக்கே இரண்டு கோடு கிழித்தேன். இது தவறான ரிப்போர்ட், தவறு என்னுடையது, சட்டத்தை மீறி அவசரப்பட்டுக் கொடுத்தேன் என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். இரண்டு கையெழுத்தும் ஒரே ஆளுடையதாகவே தெரியவில்லை.

"இப்போதே சோதித்துக் காட்டுகிறேன். பத்து நிமிஷம் கொடுங்கள்," என்றேன்.

அவள் கட்டிலில் சுருண்டு கிடந்தாள். என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. பேச்சுக் கொடுப்பதற்காக என் விரலைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள். அந்தப் பிடியில் பலம் இல்லை. நரம்பு ஓய ஆரம்பித்துவிட்டது. நர்ஸ் குப்பியைக் கொண்டுவந்தாள். ராத்திரியிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இறங்காத உடம்பின் சிறுநீர், பால் ஊற்றாத கட்டன் சாயா நிறத்தில் இருந்தது. வாஷ்பேசின் ஓரத்தில் குழாயை வைத்துக் கரைசலை விட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் சிவந்தது. ரோஸ் மில்க் எல்லாம் இல்லை, பீட்ரூட் வேகவைத்த தண்ணீராகச் சிவந்தது. சிவப்பு வேறு எதனாலும் வந்ததில்லையே என்று உறுதி செய்ய அடுத்த கரைசலை விட்டுக் குலுக்கினேன். சிவப்பு அசையவில்லை. சர்ஜன் குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தியேட்டருக்குப் போன் செய்து ஆபரேஷன் இல்லை என்றார்.

இந்த நோய்க்கு முதல் மருந்து சர்க்கரைதான். குளுக்கோஸ் நரம்பில் ஏற ஆரம்பித்ததும் எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து ஒரு கட்டில் கேட்டேன். அன்று சாயங்காலமே ஆம்புலன்ஸில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். இதற்கென்று உள்ள மருந்து இங்கே சுலபத்தில் கிடைக்காது. அங்கே இங்கே சொல்லி வரவழைத்தார்கள். நான்கு நாள் மூச்சு நிற்குமோ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போய்ப் பார்த்தேன். நிற்கவில்லை. ஐந்தாம் நாள் அவள் இட்லி கேட்டாள். கை மட்டும் திரும்ப நாளாயிற்று. மூன்றாவது வாரம் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு, போட்டுவிட்டேன் பாருங்கள் என்று எனக்குக் காட்டினாள்.

ஒரு நாள் வார்டுக்கு வெளியே அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்று அவசரப்பட்டு ரிப்போர்ட் கொடுத்திருக்கக் கூடாது, தண்ணீர் குடித்ததைச் சொன்னீர்கள், நான் கவனிக்கவில்லை, தப்பு முழுக்க என் மேல்தான் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வுடுங்கக்கா. தப்பு யாருதான் செய்யல? வேற எவளாவது இருந்தா நமக்கின்னான்னு இருந்திருப்பா. நீங்க நம்மாளா இருக்கவே தான அவ்ளோ தூரம் ஓடியாந்தீங்க."

நான் கையை உருவிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வார்த்தையை என்னால் விழுங்க முடியவில்லை. நம்மாள் என்பதால்தானே முதலில் அந்தக் குழியைத் தோண்டினேன். அதே நாளில் கையைக் கூப்பிய பீகார்ப் பெண்ணுக்கு நான் ஒரு சலுகையும் காட்டவில்லை. அவள் ரயிலை விட்டுவிட்டு வியாழக்கிழமை வந்தாள், சரியான ரிப்போர்ட்டோடு போனாள். இன்னொன்றும் மனசை அரித்தது. அவளுடைய ரிப்போர்ட் தப்பாகப் போயிருந்தால் அவளைத் தேடி நான் பீகாருக்கு ஓடியிருப்பேனா? ஓடியிருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. தெரியாது.

வீட்டில் சொன்னபோது என் கணவர், "இன்னும் யாருக்கெல்லாம் இப்படி வாரிக் குடுத்திருக்கியோ, பாத்துக்கிடு," என்றார். அதுவும் சரிதான். பழைய பதிவேடுகளை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். தமிழ் முகம் கண்டு சட்டத்தைத் தளர்த்தியவை இன்னும் நான்கு இருந்தன. ஒருவர் மந்திரி அலுவலகத்தில் பெரிய அதிகாரியின் மனைவி, ஒருவர் குர்காவ் கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன். மூன்று பேரைக் கூப்பிட்டு மறுபடி சோதித்தேன், நல்லபடியாக இருந்தது. நான்காவது எண் இன்றுவரை எடுக்கப்படவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை அடித்துப் பார்க்கிறேன்.

மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு திங்கட்கிழமை லேப் வாசலில் அந்த அம்மா நின்றார். நரேலாவிலிருந்து பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் மெலிந்த ஒரு பெண். இது குடும்பத்தில் இறங்குகிற நோய், தாய்வழியில் யாருக்காவது வலி இருந்தால் கூட்டி வாருங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

"எங்க அக்கா மவக்கா. ஊர்லேருந்து நேத்துதான் வந்தா. இப்ப வலி ஒண்ணும் இல்ல, போன மாசம் வந்துச்சு. நாளைக்கே திரும்பணும், கைப்புள்ளய வுட்டுட்டு வந்திருக்குறா. நீங்க இருக்கறீங்க, இன்னிக்கே முடிச்சுக் குடுத்துருவீங்கன்னு தைரியமாக் கூட்டியாந்தேன்."

பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். டெக்னீசியன் கையுறையைக் கழற்றாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிரியேட்டினின் பார்க்கிற மிஷின் அன்று பழுது, ஆள் வருவதற்கு இரண்டு நாள் ஆகும். வியாழக்கிழமை வாங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அம்மா சிரித்த முகத்தோடு என்னையே பார்த்தார். தமிழில் வரவில்லை. சத்தியமாக வரவில்லை. தமிழில் ஆரம்பித்தால் அதை முடிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"குருவார் கோ ஆயியே," என்று அதையே இந்தியில் சொன்னேன்.

அவர் சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அக்காள் மகளின் கையைப் பிடித்துப் பெஞ்சு பக்கம் திருப்பினார்.

"டீக் ஹை, மேடம்," என்றார்.